பாதிக் கோட்டை

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் கெண்ட் என்னும் மாவட்டம் இருக்கிறது. அதன் வடகரையை ஒட்டித் தேம்ஸ் கழிமுகத்தை நோக்கிச் செல்லும் கப்பல்களில் இருப்பவர்களுக்கு, கடலோரத்துப் புல்மேட்டின்மீது இரண்டு கற்கோபுரங்கள் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒட்டி நிற்பது வெகு தொலைவிலேயே தெரியும். அருகில் சென்று பார்த்தால், கோபுரங்களுக்குப் பின்னால் தேவாலயம் இல்லை. அடித்தளச் சுவர்களும் சில இடிபாடுகளுமே இருக்கின்றன. தெற்கிலும் கிழக்கிலும் அவற்றைவிடப் பழைய மதில் ஒன்று வளைந்து வருகிறது. அது வடக்கு நோக்கி வந்து, கடற்கரைச் சரிவை எட்டியதும் சட்டென்று அறுந்துவிடுகிறது. அதற்கப்பால் அலைகள்தாம்.

இந்த இடத்துக்கு ரிக்கல்வர் என்று பெயர். ரோமானியர் இதனை ரெகுல்பியம் என்று அழைத்தனர். அவர்கள் கட்டிய கோட்டையில் ஏறத்தாழப் பாதியைக் கடல் கொண்டுவிட்டது. மறுபாதி எப்படித் தப்பியது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். நான் இயற்பியல் ஆசிரியன். வரலாறு என் துறையன்று. ஆனால், அலைகளைப் பற்றிக் கரும்பலகையில் எழுதும் சூத்திரங்கள் ஒரு கோட்டையின் தலைவிதியை எழுதியிருப்பதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

இன்றைய நிலப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இக்கோட்டை ஏன் இங்கே எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள முடியாது. ரோமானியர் காலத்தில் கெண்ட்டின் வடகிழக்கு முனை ஒரு தனித் தீவாக இருந்தது. அதன் பெயர் தானெட். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே வான்ட்சம் என்னும் நீரிணை ஓடியது. அதன் அகலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து லண்டனுக்குப் போகும் கப்பல்கள், தீவைச் சுற்றித் திறந்த கடலில் அல்லாடாமல், இந்த நீரிணைக்குள் தெற்கே நுழைந்து வடக்கே வெளிப்பட்டுத் தேம்ஸ் கழிமுகத்தை அடைந்துவிடலாம். அந்தத் தென்வாயிலில் ரிச்பரோ என்னும் துறைமுகம் இருந்தது. கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசனின் படைகள் வந்திறங்கிய இடம் அதுவே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வடவாயிலில் ஒரு சிறு குன்றின்மீது ரிக்கல்வர் கோட்டை நின்றது. ஒரே நீர்வழியின் இரு முனைகளில் இரு காவல்கள். இரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டின் கதையும் பிற்பாடு நேர் எதிரான திசைகளில் சென்றது.

ரிக்கல்வர் கோட்டை கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஏறத்தாழ 180 மீட்டர் பக்கமுள்ள சதுரம், மூலைகள் வளைவானவை. மதிலின் கனம் அடியில் 3 மீட்டர். உயரம் சுமார் 4½ மீட்டர். உட்புறத்தில் மண்ணைக் குவித்து மதிலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். வெளிப்புறத்தில் இரண்டு அகழிகள். மதிலின் உட்பகுதி சிக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டப்பட்டது. அதன்மேல் வழவழப்பான முகப்புக் கற்களை வேய்ந்திருந்தனர். அந்த முகப்புக் கற்களைப் பிற்கால மக்கள் பெயர்த்தெடுத்து வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்திவிட்டனர். இன்று நாம் பார்ப்பது தோலுரிந்த மதில். தோல் போன பின்னும் பதினெட்டு நூற்றாண்டுகள் மழையிலும் உறைபனியிலும் நிற்கிறது என்றால், அந்தச் சாந்தைக் குழைத்தவர்களின் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

யார் அவர்கள்? கோட்டைக்குள் கிடைத்த ஓடுகளில் மூன்று எழுத்துக்கள் முத்திரையாகக் குத்தப்பட்டுள்ளன. அவை ‘பெய்ட்டாசியரின் முதற்படைப் பிரிவு’ என்பதன் சுருக்கம். பெய்ட்டாசியர் என்போர் ரைன் ஆற்றுக்கும் மியூஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட நாட்டினர். அப்பிரிவு முன்னர் இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் மேரிபோர்ட் என்னுமிடத்தில் காவலிருந்தது. பின்பு இங்கு மாற்றப்பட்டது. ரோமப் பேரரசின் இறுதிக் காலத்தில் தொகுக்கப்பட்ட ‘நோட்டிஷியா டிக்னிடாட்டம்’ என்னும் பதவிப் பட்டியலிலும் ரெகுல்பியத்தில் இருந்த படை இதுவே என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டில் எழுதியதும் ஓட்டில் குத்தியதும் ஒத்துப்போவது வரலாற்றாய்வில் அடிக்கடி வாய்ப்பதன்று.

1960இல் நடந்த அகழாய்வில் இன்னொரு சான்று கிடைத்தது. கோட்டையின் நடுவிலிருந்த தலைமைக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு கல்வெட்டு துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. படைக்கொடிகளை வைத்து வணங்கும் கருவறையும், அதை ஒட்டிய பெருமண்டபமும், ரூஃபினஸ் என்னும் ஆளுநரின் காலத்தில் கட்டப்பட்டதாக அது கூறுகிறது. ரோமானியக் கோட்டைகளின் இப்பகுதிகளுக்கு ரோமானியரே வழங்கிய பெயர்களைத் தெளிவுபடுத்தியதால் இந்தச் சிறு கல் அறிஞர்களிடையே பெரும் புகழ் பெற்றது. தலைமைக் கட்டடம் இன்னும் சில மீட்டர் வடக்கே தள்ளி அமைந்திருந்தால் அக்கல்லும் கடலுக்குள் போயிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகடலில் கொள்ளைக் கப்பல்களின் தொல்லை மிகுந்தது. சாக்சன், பிராங்க் ஆகிய இனத்தவர் கரையோர ஊர்களைச் சூறையாடினர். அவர்களை அடக்க அனுப்பப்பட்ட கடற்படைத் தலைவனான கராசியஸ், கி.பி. 286 வாக்கில் தானே பேரரசன் என்று அறிவித்துக்கொண்டு ஏழாண்டுகள் பிரிட்டனை ஆண்டான். இந்தக் குழப்பமான காலத்தை ஒட்டித்தான் இங்கிலாந்தின் கிழக்கு, தெற்குக் கரைகளில் புதிய கோட்டைகள் வரிசையாக எழுந்தன. அவற்றின் மதில்கள் உயரமும் கனமும் மிக்கவை. மதிலை ஒட்டி முன்துருத்திய அரைவட்டக் கொத்தளங்கள் உண்டு. பழைய கோட்டையான ரிக்கல்வரில் கொத்தளம் கிடையாது. முன்னது படை புறப்பட்டுச் செல்லும் பாசறை. பின்னது படை உள்ளே பதுங்கி எதிர்க்கும் அரண். பேரரசு தன் தன்னம்பிக்கையை இழந்துவந்ததை மதிலின் வடிவமே காட்டுகிறது எனலாம். ரிச்பரோவில் இது இன்னும் தெளிவு. அங்கே கி.பி. 85ஐ ஒட்டிச் சலவைக்கல் போர்த்திய, ஏறத்தாழ 25 மீட்டர் உயரமுள்ள வெற்றி வளைவு ஒன்றை ரோமானியர் எழுப்பியிருந்தனர். மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அதே வளைவை இடித்து, அக்கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர்.

மேற்சொன்ன பதவிப் பட்டியல் இக்கோட்டைகளில் ஒன்பதை ஒரே அதிகாரியின்கீழ் வைத்து, அவரைச் ‘சாக்சன் கரையின் கோமகன்’ என்று குறிக்கிறது. ரிக்கல்வரும் ரிச்பரோவும் அந்த ஒன்பதில் அடங்கும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி பிரிட்டனில் முடிந்தது. கோட்டைகள் வெறிச்சோடின.

கி.பி. 669இல் கெண்ட் அரசன் எக்பர்ட், பாசா என்னும் குருவுக்கு ரிக்கல்வரைத் தானமாக அளித்தான். கோட்டையின் நடுவிலேயே, ரோமானியக் கற்களையும் செங்கற்களையும் கொண்டு ஒரு தேவாலயம் எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு மேற்புறத்தில் இரட்டைக் கோபுரங்கள் சேர்க்கப்பட்டன. கோட்டைக்கு அருகே ஊரும் சந்தையும் வளர்ந்தன. இவ்வளவுக்கும் அப்போது கடல் தூரத்தில்தான் இருந்தது.

இனி அலைகளுக்கு வருவோம். கோட்டை கட்டியபோது வடக்கே கடல் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்தது. சுமார் 1540இல் இவ்வூருக்கு வந்த ஜான் லேலண்ட் என்னும் அறிஞர், கடல் ஊரிலிருந்து கால் மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்ததைக் குறித்துள்ளார். 1630ஐ ஒட்டி வரைந்த ஒரு நிலப்படத்தில் தேவாலயத்துக்கும் கரைக்கும் இடையே 500 அடிதான். 1807இல் கரையின் விளிம்பு தேவாலயத்திலிருந்து பத்துக் கஜ தூரத்துக்குள் வந்துவிட்டது. கோட்டையின் வடமதில் அதற்கு முன்னரே கடலில் சரிந்துவிட்டது.

ஒரு மைல் என்பது 1,600 மீட்டர். காலம் சுமார் 1,600 ஆண்டு. ஆக, சராசரி அரிப்பு ஆண்டுக்கு ஒரு மீட்டர். இந்தக் கணக்கைச் செய்தவுடன் மாணவர்கள், ‘கடல் ஆண்டுதோறும் ஒரு மீட்டர் முன்னேறியது’ என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. 1658 ஜனவரியில் ஊரார் நீதிபதிகளிடம் ஒரு முறையீடு கொடுத்தனர். முந்திய செப்டம்பர் இறுதியிலிருந்து அதுவரை, நான்கு மாதங்கூட ஆகாத காலத்தில், கடல் ஏறத்தாழ 30 மீட்டர் நிலத்தைத் தின்றுவிட்டது என்பதே அதன் சாரம். வேறு பல ஆண்டுகளில் ஒரு சாண்கூடப் போயிருக்காது. கடல் மாதச் சம்பளக்காரனைப் போல வேலை செய்வதில்லை. கொள்ளைக்காரனைப் போலச் சில இரவுகளில் வந்து வாரிக்கொண்டு போகிறது.

காரணம் எளிது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை, ஒரு சதுர மீட்டர் கடற்பரப்பில் ஏறத்தாழ 1,250 ஜூல் ஆற்றலைத் தாங்கி வருகிறது. மூன்று மீட்டர் அலையானால் அது மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்கு. வடகாற்று பலமாக வீசும்போது வடகடலின் நீளம் முழுவதும் அலைகள் வளர்ந்து ரிக்கல்வரில் வந்து மோதுகின்றன. அதோடு புயலின் காற்றழுத்தத் தாழ்வும் சேர்ந்துகொள்ளும். பாரமானியில் பாதரசம் 30 மில்லிமீட்டர் இறங்கினால், பாதரசம் நீரைப்போல 13.6 மடங்கு அடர்த்தி உடையதாதலால், கடல்மட்டம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். வடகடலோ தெற்கே வரவர ஒடுங்கிப் புனலைப்போல் ஆகிறது; காற்று தள்ளிவரும் நீருக்கு வெளியேற வழி போதாது. இவையெல்லாம் கடலேற்ற நேரத்தில் ஒன்றுகூடினால், வழக்கமாக மணலோடு நின்றுவிடும் அலைகள் மேட்டின் அடிவாரத்தையே தாக்கத் தொடங்கும். ரிக்கல்வரின் மேடு கற்பாறையன்று. இறுகிய மணலும் களிமண்ணுமே. அடிவாரம் அரிபட்டதும் மேற்பகுதி தன் எடையாலேயே சரியும். சரிந்த மண்ணை அடுத்த சில ஏற்றவற்றங்கள் வாரிச் சென்றுவிடும். பிறகு மீண்டும் அடிவாரம்.

1807ஆம் ஆண்டு இலையுதிர் காலப் புயலில் தேவாலயத்தின் இடுகாட்டுச் சுவர் சரிந்தது. தடுப்பு வேலைகள் சில செய்து பார்த்தனர்; பயனில்லை. கடைசியில் ஊர்ச் சபை கூடித் தேவாலயத்தை இடித்துவிடுவது என்று முடிவு செய்தது. 1809இல் வெடிமருந்து வைத்து இடித்தார்கள். பதினொரு நூற்றாண்டு வழிபாடு நடந்த சுவர்கள், கடல் தொடுவதற்கு முன்பே மனிதர் கையால் வீழ்ந்தன. கற்களில் ஒரு பகுதி உள்நாட்டில் கட்டிய புதிய தேவாலயத்துக்குப் போயிற்று. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு அரிய தூண்கள் எங்கோ போய்க் கிடந்து, பின்னர் ஒரு பழத்தோட்டத்தில் அடையாளங் காணப்பட்டன. அவற்றை இப்போது கான்டர்பரி பேராலயத்தின் நிலவறையில் பார்க்கலாம்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. இடிப்பு வேலை கோபுரங்களை எட்டியபோது, தொல்பொருள் அறிஞர் எவரும் வந்து தடுக்கவில்லை. வந்தவர்கள் டிரினிட்டி ஹவுஸ் என்னும் அமைப்பினர். இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களையும் கடல்வழி அடையாளங்களையும் பேணும் பழைய நிறுவனம் அது. தேம்ஸ் கழிமுகத்து மணல்திட்டுகளுக்கு நடுவே கப்பலோட்டும் மாலுமிகளுக்கு அந்த இரட்டைக் கோபுரங்களே பகல்நேர வழிகாட்டி. அவை மறைந்துவிட்டால் கப்பல்கள் தரைதட்டும். ஆகவே 1810இல், எஞ்சியிருந்ததை 100 பவுனுக்கு விலைக்கு வாங்கினார்கள். கோபுரத்தின் கீழே கரையைக் கற்களால் வலுப்படுத்தினார்கள். கடலுக்குள் நீளும் தடுப்புகளைப் போட்டார்கள். நம் மீனவர்கள் இன்று ‘தூண்டில் வளைவு’ என்று சொல்லும் தடுப்புகளைப் போன்றவையே அவை. கரையோரமாக நகர்ந்து செல்லும் மணலையும் கூழாங்கல்லையும் அவை பிடித்து நிறுத்தும். சேர்ந்த கூழாங்கல் அலையின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்ளும். 1819இல் ஒரு புயல் கோபுரங்களின் உச்சிக் கூம்புகளைப் பிய்த்தெறிந்தது. அவற்றுக்கு ஈடாக டிரினிட்டி ஹவுஸ் வேறு உச்சி அமைப்புகளைப் பொருத்தியது. மாலுமிகள் பார்த்துப் பழகிய உருவம் மாறக்கூடாதல்லவா?

ரோமானியக் கோட்டையின் தென்பாதி தப்பியதற்கு இதுவே காரணம். கோட்டைக்காக யாரும் ஒரு கல்கூட வைக்கவில்லை. கப்பல்களுக்காகக் கோபுரத்தைக் காத்தார்கள். கோபுரத்துக்காகக் கரையைக் காத்தார்கள். கரையோடு சேர்ந்து கோட்டையும் தப்பியது. பழமையைப் போற்றும் உணர்வே சின்னங்களைக் காக்கிறது என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். ரிக்கல்வரில் அந்த உணர்வு 1809இல் தோற்றது. பயன்பாடு 1810இல் வென்றது. இதைச் சொல்வதால் அந்த உணர்வு வேண்டாம் என்று நான் கூறுவதாகக் கொள்ளக்கூடாது. அது மட்டும் தனியாக ஓர் அலையைக்கூடத் தடுக்காது என்றுதான் சொல்கிறேன்.

தென்வாயிலில் இருந்த ரிச்பரோ என்னவாயிற்று? அங்கே கடல் வரவில்லை, விலகிப் போய்விட்டது. கரையோர நீரோட்டம் கொண்டுவந்த மணலும் கூழாங்கல்லும் வான்ட்சத்தின் தென்வாயிலில் திட்டாக வளர்ந்தன. ஸ்டௌர் ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. கி.பி. 731இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்னும் துறவி, நீரிணையின் அகலம் மூன்று பர்லாங் என்று எழுதுகிறார். மூன்று கிலோமீட்டர் அறுநூறு மீட்டராகச் சுருங்கிவிட்டது. பின்னர்த் துறவிமடத்தார் கரைகள் கட்டிச் சதுப்பு நிலத்தை மேய்ச்சல் நிலமாக மாற்றினர். இடைக்காலம் முடிவதற்குள் நீரிணை வாய்க்காலாகிவிட்டது. தானெட் தீவு தீவாக இல்லாமற் போயிற்று. படைகள் வந்திறங்கிய ரிச்பரோ இன்று கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே நிற்கிறது. அதன் மதில் சில இடங்களில் 8 மீட்டர் உயரத்துக்கு அப்படியே இருக்கிறது. அங்கும் சேதமில்லாமல் இல்லை. கிழக்கு மதிலை ஆறு அரித்துவிட்டது. ஆயினும் கடலின் கைக்கு எட்டாததால், அகழாய்வாளர்கள் அங்கே அவசரமின்றித் தோண்ட முடிந்தது. 50,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன.

ஒரே நீரிணையின் ஒரு வாயில் அரிப்பு, மறுவாயில் படிவு. அலை ஓரிடத்தில் எடுத்ததை அழித்துவிடுவதில்லை, வேறோர் இடத்தில் வைக்கிறது என்னும் உண்மைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். கரைப் பாதுகாப்பின் சிக்கலும் இதில்தான் பிறக்கிறது. ஓரிடத்தில் மணலைப் பிடித்து நிறுத்தினால், நீரோட்டத் திசையில் அடுத்துள்ள இடத்துக்கு வரவேண்டிய மணல் வராது. ஒரு சின்னத்தைக் காக்கும் தடுப்பு, பக்கத்து ஊரின் கரையைப் பட்டினி போடலாம்.

காப்பதற்கு எவரும் முன்வராத கோட்டை என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. சஃபோக் மாவட்டத்தில் ஃபெலிக்ஸ்ஸ்டோ அருகே வால்டன் கோட்டை என்று ஒன்று இருந்தது. அதுவும் ரோமானியரின் கரையோரக் கோட்டையே. பதினெட்டாம் நூற்றாண்டில் அது முழுவதும் கடலுக்குள் சரிந்தது. இப்போது நீர் நன்றாக வற்றும் வேளைகளில், பாசி படர்ந்த சில சுவர்த் துண்டுகள் மட்டும் தலைகாட்டும். கோட்டையின் தோற்றத்தை அறிய நமக்கிருப்பவை பழைய சில ஓவியங்களும் குறிப்புகளுமே. அகழாய்வு இல்லை, அளவெடுப்பு இல்லை. ரிக்கல்வர் கல்வெட்டைப் போல அங்கே என்னென்ன இருந்தனவோ, அவை போனவை போனவையே.

சட்டம் பின்னால் வந்தது. அறிவியலறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பக்கின் விடாமுயற்சியால் 1882இல் பிரிட்டனின் முதல் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அது பல்லில்லாத சட்டம். சின்னம் இருக்கும் நிலத்தின் சொந்தக்காரர் இசைந்தாலன்றி அரசு எதுவும் செய்ய இயலாது. அட்டவணையில் சேர்த்தவையும் பெரும்பாலும் வரலாற்றுக்கு முந்திய கல்வட்டங்களும் புதைமேடுகளுமே. 1913ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் கையை வலுப்படுத்தியது. இன்று நடைமுறையில் உள்ள 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்டவணையில் உள்ள சின்னத்தில் அனுமதியின்றி வேலை எதுவும் செய்தால் குற்றம். ரிக்கல்வரின் கோபுரங்களும் கோட்டையும் இருபதாம் நூற்றாண்டில் அரசின் பொறுப்புக்கு வந்து, இப்போது ‘இங்கிலிஷ் ஹெரிடேஜ்’ அமைப்பின் பராமரிப்பில் உள்ளன. இச்சட்டங்கள் யாவும் மனிதரிடமிருந்து சின்னங்களைக் காப்பவை. கல்லைத் திருடுபவனைத் தண்டிக்கலாம்; உழுபவனைத் தடுக்கலாம். வடகாற்றுக்கு எந்த நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை அனுப்புவது? கடலிடமிருந்து காக்கவேண்டுமானால் ஆண்டுதோறும் பணமும் பாறாங்கல்லும் ஆட்களும் வேண்டும்.

இடையே ஒரு செய்தி. இயற்பியல் மாணவர்கள் விரும்புவார்கள் என்பதால் சொல்கிறேன். 1943 ஏப்ரல், மே மாதங்களில் பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியாளர் தம் ‘துள்ளும் வெடிகுண்டை’ இந்த ரிக்கல்வர் கரைக்கு அப்பால்தான் சோதித்தார். சிறுவர்கள் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் துள்ளவிடுவதைப் போன்ற தத்துவம். ஏறத்தாழ 4 டன் எடையுள்ள உருளையை, நிமிடத்துக்கு 500 முறை பின்னோக்கிச் சுழலவிட்டு, விமானத்திலிருந்து நீர்மட்டத்துக்கு 18 மீட்டர் உயரத்தில் விடுவித்தார்கள். அது நீரின்மீது துள்ளித் துள்ளிச் சென்றது. அம்மாதம் 16ஆம் நாள் இரவு ஜெர்மனியின் அணைகளை உடைத்த குண்டுகள் இவ்வகையினவே. சோதனையில் போட்ட, வெடிமருந்தில்லாத சில மாதிரிகளை 1997இல் இக்கரையிலிருந்து மீட்டெடுத்தார்கள். ரோமானிய ஓடுகள் சிதறிக் கிடக்கும் அதே கடற்படுகையில் இவையும் கிடந்தன. ஒருவகையில் இவையும் இப்போது தொல்பொருள்கள்தாம்.

போருக்குப் பின் வந்த பெருஞ்சோதனை 1953 ஜனவரி 31 இரவில் வீசிய புயல். மேலே விளக்கிய காற்று, அழுத்தத் தாழ்வு, ஒடுங்கும் கடல் ஆகிய மூன்றும் அன்று உயர்ந்த கடலேற்றத்தோடு சேர்ந்துகொண்டன. இங்கிலாந்தில் 300க்கும் மேற்பட்டோரும், நெதர்லாந்தில் 1,800க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். ரிக்கல்வருக்குக் கிழக்கே கடற்சுவர் உடைந்து, பழைய வான்ட்சம் நீரிணையின் தாழ்நிலம் மீண்டும் நீரில் மூழ்கியது. அதன் குறுக்கே சென்ற இரயில் பாதை மாதக்கணக்கில் மூடப்பட்டது. அந்தச் சில நாட்களுக்கு ரோமானியர் பார்த்த நிலப்படம் திரும்பி வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இப்போதுள்ள நிலை என்ன? கோபுரங்களுக்குக் கீழே கற்சரிவும் தடுப்புகளும் கரையை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் மேற்கே சிறிது தூரம் நடந்தால், எந்தத் தடுப்புமில்லாமல் மணல் மேடுகள் கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்பதைக் காணலாம். அவை தொடர்ந்து சரிந்துகொண்டிருக்கின்றன. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்கள். 5 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய மண்ணடுக்குகளும் புதைபடிவங்களும் அங்கே வெளிப்படுகின்றன. அரிப்பு நின்றுவிட்டால் புல் முளைத்து அவற்றை மூடிவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து கோடைக்கு வரும் மணல் தகைவிலான் பறவைகள் அச்செங்குத்துச் சுவரில் வளை தோண்டிக் கூடு கட்டுகின்றன. சுவர் சரிந்து சாய்வாகிவிட்டால் அவற்றுக்கு இடமில்லை. எனவே சட்டம் அந்தச் சரிவையும் ஒரு செல்வமாகவே கொண்டு, அரிப்பு இயல்பாக நடக்க வேண்டும் என்கிறது. ஒரு பக்கம் மனிதர் கட்டியதைக் காக்க அரிப்பைத் தடுக்கவேண்டும்; மறுபக்கம் இயற்கை அடுக்கியதைக் காக்க அரிப்பை அனுமதிக்கவேண்டும். இரண்டும் ஒரே கரையில், நடந்து போகும் தூரத்தில்.

இதில் ஓர் இயற்பியல் சிக்கல் உண்டு. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 4 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓடும் அலை, ஒரு மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். பக்கத்துக் கரை பின்வாங்கப் பின்வாங்க, காக்கப்படும் இடம் கடலுக்குள் முனையாகத் துருத்தி நிற்கிறது. முனைக்கு எதிரே கடல் ஆழம் குறைவு; அங்கே அலைமுகம் தாமதிக்கிறது, இருபக்கமும் முந்துகிறது. ஆகவே அலைகள் வளைந்து, குவிவில்லையில் ஒளி குவிவதைப்போல முனையின்மீது குவிகின்றன. நன்றாகக் காக்கக் காக்க, காக்கவேண்டிய இடத்தின்மீது விழும் அடி பலமாகிறது. ஆய்வகத்தில் தட்டையான ஒரு நீர்த்தொட்டியில், ஒரு கண்ணாடித் தகட்டை முனைபோல் மூழ்கவைத்துச் சிற்றலைகளை எழுப்பினால் எவரும் இதைப் பார்க்கலாம். கடல்மட்டமும் உலக அளவில் உயர்ந்து வருகிறது. நீர் உயர்ந்தால் அலைகள் கரைக்கு முன்னமே உடையாமல், கூடிய உயரத்தோடு தடுப்பின் அடியை வந்தடையும்.

இக்காரணங்களால் இங்கிலாந்தில் கரையோரம் முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே கரையைப் பிடித்து நிறுத்துவது, எங்கே விட்டுவிடுவது என்று பல்லாண்டுத் திட்டம் வகுக்கிறார்கள். ரிக்கல்வர் கோபுரங்கள் நிற்கும் இடம் ‘பிடித்து நிறுத்தும்’ பட்டியலில் இருக்கிறது. மேற்கேயுள்ள மணல் மேடுகள் ‘விட்டுவிடும்’ பட்டியலில். இப்படி விடப்படும் கரைகளில் தொல்பொருள் ஆய்வாளர்களின் வேலையும் மாறிவிட்டது. ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் சரிவின் முகத்தைப் போய்ப் பார்ப்பது, புதிதாக வெளிப்பட்ட சுவரையோ குழியையோ படமெடுத்து அளந்து பதிவு செய்வது, முடிந்தால் அடுத்த புயலுக்குமுன் தோண்டி எடுத்துவிடுவது என்று கடலோடு போட்டி போடவேண்டியிருக்கிறது. வால்டன் கோட்டைக்கு அந்த வாய்ப்புக்கூட இருக்கவில்லை. ரிக்கல்வரில் எஞ்சிய பாதியின் பெரும்பகுதியை இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தோண்டி ஆராய்ந்துவிட்டார்கள். மேலே புல், கீழே பெய்ட்டாசியர் படைவீடுகளின் அடித்தளம். கிழக்கு மதில் அறுந்து நிற்கும் இடத்தில், கற்சரிவுக்குக் கீழே, ஏற்றவற்றம் நாளுக்கு இருமுறை வந்து போகிறது.